வரிசையின் வால் எங்கே இருக்கிறது?

நகர விரைவுச்சாலையில் போகிற ஓட்டுநருக்குத் தேவை ஒரே ஒரு முடிவு: அடுத்த இறக்கத்தில் இறங்கிவிடலாமா, அல்லது தொடர்ந்து போகலாமா? அதை எடுக்க அவருக்குக் கிடைப்பது சில விநாடிகள்தான். தாண்டிவிட்டால் அடுத்த இறக்கம் வரும்வரை இரண்டு பக்கமும் தடுப்புச்சுவர், திரும்ப வழியில்லை. இந்தச் சாலைகளில் சென்சார், கேமரா, கட்டுப்பாட்டு மையம், அறிவிப்புப் பலகை என்று நாம் கட்டுகிற அத்தனையும் அந்தச் சில விநாடிகளுக்காகத்தான்.

ஒரு சின்னக் கணக்கைப் பார்ப்போம். தடம் ஒன்றுக்கு மணிக்கு 1,800 வண்டிகள், 80 கி.மீ. வேகத்தில் ஓடுகின்றன. அப்படியானால் ஒரு கிலோமீட்டர் தடத்தில் 22 அல்லது 23 வண்டிகள் இருக்கும். முன்னால் விபத்து, எல்லாத் தடங்களும் அடைபட்டுவிட்டன. நின்றுபோன வரிசையில் கிலோமீட்டருக்குச் சுமார் 130 வண்டிகள் நெருக்கியடித்து நிற்கும். 1,800-ஐ இந்த இரண்டு அடர்த்திகளின் வித்தியாசத்தால் வகுத்தால் வரிசையின் வால் பின்னோக்கி வளரும் வேகம் கிடைக்கும்: மணிக்குச் சுமார் 17 கி.மீ., அதாவது நிமிடத்துக்கு 280 மீட்டர். ஐந்து நிமிடம் பழைய தகவலை வைத்துக்கொண்டு வரிசை இந்த இடத்தில் முடிகிறது என்று சொன்னால், உண்மையான வால் அங்கிருந்து 1.4 கி.மீ. முன்னதாகவே வந்து நிற்கும். ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஓர் இறக்கம் உள்ள நகரச் சாலையில், தப்பித்திருக்கக்கூடிய இறக்கம் ஒன்று இந்த 1.4 கி.மீ.க்குள் மறைந்துபோகிறது.

எனவே ஒரு வேக எண்ணைப் பார்த்ததும் அது சரியா என்று கேட்பதற்கு முன்னால், அதன் வயது என்ன என்று கேட்க வேண்டும். பெரும்பாலான அமைப்புகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். சென்சார் 30 விநாடிக்கு ஒருமுறை எண்ணை அனுப்பும். மையம் அதை ஐந்து நிமிடச் சராசரியாக்கும். இன்னொரு மென்பொருள் அதை மறுபடி மென்மையாக்கும். பலகை இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதிலும் குற்றம் சொல்ல முடியாது. கூட்டிப் பார்த்தால் ஏழெட்டு நிமிடம் போய்விடும்.

தரையில் புதைத்த கம்பி

இன்றும் மிக நம்பகமான எண்களைத் தருவது சாலையில் புதைத்த மின்தூண்டல் லூப்தான். சுமார் 2 மீட்டர் சதுரத்துக்குத் தார்ப்பரப்பில் ரம்பத்தால் காடி வெட்டி, காப்பிட்ட கம்பியை மூன்று முதல் ஐந்து சுற்று சுற்றி, மேலே சீலன்ட் ஊற்றி மூடுவார்கள். பத்து முதல் இருநூறு கிலோஹெர்ட்ஸ் வரையிலான அலைவெண்ணில் மின்னோட்டம் ஓடும். மேலே வண்டியின் உலோகம் வந்ததும் அதில் சுழல் மின்னோட்டம் உண்டாகி, லூப்பின் தூண்டல் குறையும், அலைவெண் ஏறும். அந்த ஏற்றத்தைத்தான் கருவி 'வண்டி' என்று படிக்கிறது.

எண் கெட்டுப்போவது பெரும்பாலும் பதிக்கும் நாளிலேயே தொடங்கிவிடுகிறது. காடியின் நான்கு மூலைகளையும் 45 டிகிரியில் சரிவாக வெட்டிவிட வேண்டும். செங்கோணமாக விட்டால் தார் அசையும்போதெல்லாம் கம்பியின் காப்பு மூலையில் உரசி, சில பருவங்களில் அறுந்துவிடும். காடியை அழுத்தக் காற்றால் ஊதி, முழுக்க உலர்ந்த பிறகே சீலன்ட் ஊற்ற வேண்டும். ஈரத்தின் மேல் ஊற்றியது பிடிக்காது, அதன் வழியே நீர் இறங்கும். லூப்பிலிருந்து சாலையோரக் கருவிப் பெட்டிக்குப் போகும் இரண்டு கம்பிகளையும் மீட்டருக்குப் பத்து முறுக்குக்குக் குறையாமல் முறுக்க வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்துக் கேபிளின் இரைச்சலெல்லாம் உள்ளே வரும். மூடிய பிறகு 500 வோல்ட் மெக்கர் வைத்துத் தரைக்கும் கம்பிக்கும் இடையிலான காப்புத்தடையை அளக்க வேண்டும். புதிய லூப் 100 மெகாஓமுக்கு மேல் காட்ட வேண்டும். வறண்ட நாளில் சரியாக ஓடி, மழை நாளில் மட்டும் வண்டியே இல்லாமல் எண்ணுகிற லூப் என்றால், முதலில் பார்க்க வேண்டியது இந்த அளவைத்தான்.

பக்கத்துப் பக்கத்துத் தடங்களின் லூப்கள் பெட்டிக்குள் உள்ள வெவ்வேறு கண்டறியும் கார்டுகளில் ஒரே அலைவெண்ணில் ஓடினால் ஒன்றின் வண்டியை இன்னொன்றும் எண்ணும். கார்டில் அலைவெண் சுவிட்ச் இருக்கிறது, மாற்றினால் போதும். தரையிலிருந்து உயரமான அடிப்பகுதி கொண்ட லாரி மேலே போகும்போது நடுவில் சமிக்ஞை விழுந்து, ஒரே லாரி இரண்டு கார்களாகப் பதிவாகும். இதற்குத்தான் உணர்திறனைக் கூட்டுவார்கள். அளவுக்கு மீறிக் கூட்டினால் அடுத்த தடத்து வண்டியையும் சேர்த்து எண்ணும்.

தூண்கள்மேல் ஓடும் விரைவுச்சாலையில் இந்த வேலை கடினமாகிறது. பாலத்தளத்தின் கம்பிகள் லூப்பின் உணர்திறனைக் குறைக்கும். காடி வெட்டினால் நீர்காப்புப் படலம் கிழியும். அங்கே மேலிருந்து பார்க்கும் கருவிகளே பொருத்தம். டோக்கியோவின் பெருநகர விரைவுச்சாலையில் ஏறக்குறைய 300 மீட்டருக்கு ஒன்றாக மீயொலிக் கருவிகள் தடத்துக்கு மேல் தொங்குகின்றன. ஐந்தரை மீட்டர் உயரத்திலிருந்து கிளம்பும் ஒலித்துடிப்பு தரையைத் தொட்டுத் திரும்ப 32 மில்லிவிநாடி ஆகும். அடுத்த துடிப்பு அதற்குப் பிறகுதான் போக முடியும். அதற்குள் 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் முக்கால் மீட்டர் நகர்ந்திருக்கும். எண்ணிக்கைக்கு இது போதும். வண்டியின் நீளத்தை நுட்பமாக அளக்கப் போதாது.

ஓரக் கம்பத்தில் பொருத்தும் ரேடார் சாலையை வெட்டாமல் பல தடங்களைப் பார்க்கும், மழையிலும் இருட்டிலும் வேலை செய்யும். அதன் குறை ஒன்றே: அருகிலுள்ள தடத்தில் பேருந்து ஊர்ந்தால் பின்னாலுள்ள தடங்கள் மறைந்துவிடும். அதாவது, நமக்குத் தகவல் மிகவும் தேவைப்படும் நெரிசல் நேரத்தில்தான் அது குறைத்து எண்ணும். கம்பத்தின் உயரத்தைத் தயாரிப்பாளர் சொன்னதைவிடக் குறைத்துப் பொருத்தினால் இந்தக் கோளாறு பெருகும். கேமராவை வைத்து எண்ணுவதானால், அந்தக் கேமராவைக் கட்டுப்பாட்டு மையத்தார் திருப்பக் கூடாது. திருப்பிய அடுத்த நொடியிலிருந்து வரும் எண்கள் குப்பை.

எண்ணிக்கையிலிருந்து வேகம்

ஒற்றை லூப் இரண்டைத்தான் அளக்கிறது: எத்தனை வண்டிகள், மொத்த நேரத்தில் எத்தனை சதவீதம் லூப்பின் மேல் வண்டி இருந்தது. இரண்டாவதை இருப்பு விகிதம் என்போம். வேகம் இதிலிருந்து ஊகிக்கப்படுவதுதான். 30 விநாடியில் 12 வண்டிகள், இருப்பு விகிதம் 14 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். வண்டி நீளமும் லூப் நீளமும் சேர்ந்த சராசரி நீளம் 6.5 மீட்டர் என்று எடுத்தால், 12 × 6.5 ÷ (30 × 0.14) = விநாடிக்கு 18.6 மீட்டர், அதாவது மணிக்கு 67 கி.மீ. இரவில் லாரிகள் பெருகி அந்தச் சராசரி நீளம் 9 மீட்டரானால், அதே அளவீட்டின் உண்மையான வேகம் 93 கி.மீ. பகலின் மாறிலியை மாற்றாமல் விட்டால், சாலை வெறிச்சோடிக் கிடக்கும்போது வரைபடம் மந்தம் என்று காட்டும். அதனால் இந்த மாறிலியைத் தடவாரியாக, மணிவாரியாகத் தனித்தனியே வைத்திருக்க வேண்டும். லாரிகள் ஓடும் இடது தடத்துக்கும் கார்கள் விரையும் தடத்துக்கும் ஒரே எண் பொருந்தவே பொருந்தாது.

இரட்டை லூப்பில் இந்த ஊகம் தேவையில்லை. முன்விளிம்பிலிருந்து முன்விளிம்புக்கு 4.5 மீட்டர் என்றால், 80 கி.மீ. வேகத்தில் அதைக் கடக்க 0.2 விநாடி. ஆனால் கருவி 10 மில்லிவிநாடிக்கு ஒருமுறைதான் பார்க்கிறது என்றால், ஐந்து சதவீதப் பிழை உள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வாங்கும்போது இந்த எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சராசரி எடுக்கும் முறையிலும் கவனம் வேண்டும். ஒரே புள்ளியைக் கடந்த இரண்டு கார்களின் வேகம் 30, 90 என்றால், சாதாரணச் சராசரி 60. பயண நேரத்துக்குத் தேவையானது இசைச் சராசரி: 45. நெரிசலில் வேகங்கள் சிதறிக் கிடக்கும்போது இந்த வித்தியாசம் பெரிதாகும். பயண நேரம் எப்போதும் குறைத்தே காட்டப்படுகிறது என்ற புகார் வந்தால், முதலில் இந்த வரியைத் திறந்து பாருங்கள்.

இன்னொரு பழைய பிழை: அதிகாலை மூன்று மணிக்கு 30 விநாடி முழுக்க வண்டியே வரவில்லை. எண்ணிக்கை பூஜ்யம் என்பது சரி. வேகத்தையும் பூஜ்யம் என்று எழுதிவிட்டால் காலியான சாலை வரைபடத்தில் ரத்தச் சிவப்பாகத் தெரியும். வேகத்தின் இடத்தை வெறுமையாக விட வேண்டும். பூஜ்யமும் வெறுமையும் வேறு என்பதைத் தரவுத்தளத்திலிருந்து செயலி வரை ஒவ்வொரு கட்டத்திலும் காப்பாற்ற வேண்டும்.

செத்த சென்சாரைக் கண்டுபிடிக்க நுட்பமான கணிதம் வேண்டியதில்லை. நாள் முழுக்க பூஜ்யமா? எண்ணிக்கை பூஜ்யமாக இருக்க இருப்பு விகிதம் மட்டும் வருகிறதா? இருப்பு விகிதம் மணிக்கணக்கில் உச்சத்தில் நிற்கிறதா? ஒரே எண் திரும்பத் திரும்ப வருகிறதா? கலிஃபோர்னியாவின் பெம்ஸ் அமைப்பு 30 விநாடித் தரவை வாங்கி ஐந்து நிமிடமாகத் தொகுக்கும்போது இந்த வகைச் சோதனைகளைத்தான் நடத்துகிறது. தேறாதவற்றைப் பக்கத்துக் கருவிகளின் உதவியால் நிரப்புகிறது. நிரப்பிய எண் எது, அளந்த எண் எது என்ற குறி கடைசிவரை கூடவே போக வேண்டும்.

ஓடும் வண்டிகளே சொல்லும்போது

கைபேசிகளும் வண்டிக் கருவிகளும் அனுப்பும் ஜி.பி.எஸ். தடங்கள் வந்த பிறகு சென்சார் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. மூன்று தடச் சாலையில் மணிக்கு 5,400 வண்டிகள், அதில் நூற்றுக்கு இரண்டு தரவு தருகிறது என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டு. நல்ல அளவு. நள்ளிரவில் மணிக்கு 600 வண்டிகள் என்றால் ஐந்து நிமிடத்துக்கு ஒன்றுதான். அந்த ஒருவர் மெதுவாக ஓட்டுபவராக இருந்தால், சாலையே மெதுவாகிவிடும். மேலும் இந்தத் தரவு வேகத்தைச் சொல்லுமே தவிர, எத்தனை வண்டிகள் என்று சொல்லாது. ஏற்றங்களில், அதாவது விரைவுச்சாலைக்குள் ஏறும் வழிகளில், வண்டிகளைக் கட்டுப்படுத்தவும் நெரிசல் வெடிப்பதற்கு முன்னால் எச்சரிக்கவும் எண்ணிக்கை வேண்டும்.

நகரத்துக்கே உரிய சிக்கல் ஒன்று இதில் உண்டு: மேலே விரைவுச்சாலை, அதன் நேர் கீழே சிக்னல் உள்ள சாதாரணச் சாலை. வரைபடத்தில் இரண்டும் ஒரே கோடு. உயரமான கட்டடங்களுக்கு நடுவே ஜி.பி.எஸ். பத்து மீட்டர் விலகுவது சாதாரணம். உயரத்தில் அதைவிட மோசம். கீழே சிக்னலில் நிற்கும் வண்டிகளை மேலே பொருத்திவிட்டால், சீராக ஓடும் மேல்சாலை நெரிசலாகத் தெரியும். தனிப்புள்ளிகளைப் பொருத்துவதை விட்டுவிட்டு வண்டி வந்த முழுப் பாதையையும் பொருத்துவதுதான் இதற்குத் தீர்வு. ஏற்றத்தில் ஏறாத வண்டி மேலே இருக்க முடியாது. இறக்கத்தில் இறங்காதது கீழே வந்திருக்க முடியாது. இந்த இரண்டு விதிகளே பெரும்பகுதிப் பிழையை ஒழித்துவிடும். அழுத்தமானி உள்ள கைபேசி, ஏற்றத்தில் ஏறியதைத் தனியாகவும் உறுதிசெய்யும். ஜப்பானின் மின்னணுச் சுங்க அமைப்பான ஈ.டி.சி. 2.0-இன் வண்டிக் கருவிகள் ஏறக்குறைய 200 மீட்டருக்கு ஒருமுறையும், திசை 45 டிகிரி மாறும்போதும் இடத்தைப் பதிந்து வைத்து, சாலையோர ஆன்டெனாவைக் கடக்கும்போது மொத்தமாகக் கொடுக்கின்றன. வண்டி வந்த பாதை துல்லியமாகக் கிடைக்கும். ஆனால் அடுத்த ஆன்டெனா வரும்வரை அது பெட்டிக்குள்ளேயே வயதாகிக்கொண்டிருக்கும்.

டோல் டேக், புளூடூத், நம்பர் பிளேட் கேமரா ஆகிய மூன்றும் ஒரே வகை: இரண்டு இடங்களில் அதே வண்டியைப் பார்த்து, இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைக் கணக்கிடுவது. ஹூஸ்டன் நகரம் டோல் டேக்குகளை வைத்துப் பயண நேரம் கணக்கிடத் தொடங்கியது 1990-களில். அளவீடு உண்மையானது, ஆனால் வண்டி வெளியே வந்த பிறகே தெரியும். 40 நிமிடம் சிக்கியவரின் தகவல், 40 நிமிடத்துக்கு முன்பு நுழைந்த நிலையைச் சொல்கிறது. துண்டுகளைச் சிறிதாக்கினால் வயது குறையும். ஆனால் புளூடூத் தேடலின் ஒரு முழுச் சுற்றுக்கு 10.24 விநாடி, அதற்குள் வண்டி 200 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஒரு கிலோமீட்டர் துண்டில் இந்தப் பிழை தாங்காது. இரண்டு மூன்று கிலோமீட்டர் துண்டுகளே நடைமுறைக்கு ஒத்துவரும் என்பது எங்கள் கருத்து. கைபேசிகள் தங்கள் புளூடூத் முகவரியை மாற்றிக்கொண்டே இருப்பதால் பொருந்தும் எண்ணிக்கையும் குறைந்துவருகிறது. சேகரிக்கும் முகவரியை அந்த இடத்திலேயே சிதைத்து, சிதைக்கும் சாவியைத் தினமும் மாற்றிவிட வேண்டும். பயண நேரத்துக்கு யார் போனார் என்பது தேவையே இல்லை.

விபத்தைக் கண்டறிவதில் பொறுமைக்கும் வேகத்துக்கும் இடையே இழுபறி உண்டு. வண்டிகள் முதலில் கடக்கும் கருவியில் இருப்பு விகிதம் ஏறி, அதற்கு அப்பால் உள்ள கருவியில் இறங்கினால் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது என்பதே பழைய கலிஃபோர்னியா முறையின் அடிப்படை. 100 இடங்களில் 30 விநாடிக்கு ஒருமுறை சோதித்தால் நாளைக்கு 2,88,000 சோதனைகள். ஆயிரத்தில் ஒன்று தவறினாலும் நாளைக்கு 288 பொய் எச்சரிக்கைகள். இரண்டாவது வாரத்தில் பணியாளர்கள் மணியொலியை நிறுத்திவிடுவார்கள். மூன்று முறை தொடர்ந்து வந்தால்தான் எச்சரிக்கை என்று வைத்தால் பொய் வெகுவாகக் குறையும், 90 விநாடி போகும். பிரிட்டனின் மிடாஸ் அமைப்பு, சுமார் 500 மீட்டருக்கு ஒரு வரிசை லூப் வைத்து, ஒரே லூப்பின் மேல் வண்டி வழக்கத்துக்கு மாறாக நீடித்து நிற்பதையே முதல் அடையாளமாக எடுத்துக்கொண்டு, பின்னால் வருபவர்களுக்கு உடனே வேகத்தைக் குறைத்துக் காட்டுகிறது. வரிசையின் வாலில் மோதாமல் காப்பாற்றுவது நோக்கமாக இருந்தால் இந்த அவசரம் சரியே. அங்கே பொய் எச்சரிக்கையின் விலை கொஞ்ச நேரம் மெதுவாக ஓட்டுவது. தாமதத்தின் விலை உயிர்.

சொல்லும் இடம், சொல்லும் விதம்

பத்து கிலோமீட்டர் பாதையின் ஒவ்வொரு துண்டின் இப்போதைய வேகத்தையும் எடுத்துக் கூட்டினால் கிடைப்பது 'இந்தக் கணத்தின் பயண நேரம்'. யாரும் அந்த நேரத்தில் பயணம் செய்வதில்லை. காலையில் நெரிசல் வளரும்போது ஓட்டுநர் சந்திக்கப்போவது இதைவிட அதிகம், கலையும்போது குறைவு. வண்டி ஒவ்வொரு துண்டையும் அடையும் நேரத்துக்கான வேகத்தை, கடந்த வாரங்களின் அதே கிழமைப் போக்கையும் இப்போதைய விலகலையும் சேர்த்து ஊகித்துக் கூட்ட வேண்டும். பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு அப்பால் இப்போதைய விலகலுக்கு மதிப்பு குறைந்துகொண்டே போகும்.

வரைபட நிறங்களுக்கான வேக எல்லைகளை வெளிப்படையாக எழுதி வையுங்கள். டோக்கியோவின் பெருநகர விரைவுச்சாலையில் 20 கி.மீ. அல்லது அதற்குக் கீழ் என்றால் நெரிசல். ஜப்பானின் ஊர்களுக்கு இடையிலான விரைவுச்சாலைகளில் அந்த எல்லை 40. இரண்டையும் ஒரே வரைபடத்தில் சேர்க்கும் செயலி எல்லையைப் பார்க்காமல் நிறத்தை மட்டும் வாங்கினால், எல்லைக்கோட்டில் நிறம் பொய் சொல்லும். வேகம் எல்லையில் ஊசலாடும்போது நிறம் நிமிடத்துக்கு நிமிடம் மாறாமலிருக்க, சிவப்பாக 20 என்றால் சிவப்பிலிருந்து விடுபட 25 என்று இடைவெளி வைப்பது நல்லது.

மின்னணுப் பலகையின் எழுத்து 240 மீட்டரிலிருந்து தெரிகிறது என்றால், 80 கி.மீ. வேகத்தில் படிக்கக் கிடைப்பது 11 விநாடி. அமெரிக்க விதிகள் மூன்று வரி, அதிகபட்சம் இரண்டு திரை என்று கட்டுப்படுத்துவது இதனால்தான். என்ன, எங்கே, எவ்வளவு நேரம்: இந்த மூன்று போதும். 'எச்சரிக்கையாகச் செல்லவும்' என்ற வரி இடத்தை அடைக்கிறதே தவிர எந்த முடிவுக்கும் உதவாது. பலகை இறக்கத்துக்குக் குறைந்தது ஒரு கிலோமீட்டர் முன்னால் இருக்க வேண்டும். தடம் மாற நேரம் வேண்டுமே. மாற்றுச்சாலையின் நேரமும் தெரிந்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள். 'இங்கே இறங்கு' என்று எல்லோருக்கும் ஆணையிட்டால், பத்து நிமிடத்தில் இறக்கத்தின் கீழ் உள்ள சிக்னல் அடைத்து, அந்த வரிசை மேலேறி விரைவுச்சாலையையே மூடும். தரவின் வயது ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் பலகை தானாக வெறுமையாக வேண்டும். பழைய எண்ணை நம்பி ஒருமுறை சிக்கியவர் மறுமுறை பலகையைப் பார்க்க மாட்டார்.

வண்டிக்குள் அனுப்பும் வழிகளில் பண்பலை வானொலியின் ஓரத்தில் ஓடும் ஆர்.டி.எஸ்.-டி.எம்.சி. விநாடிக்கு 1,187.5 பிட் மட்டுமே தரும் குறுகிய குழாய். அதிலும் பெரும்பகுதி வேறு வேலைகளுக்கு. அதனால் இடத்துக்கு 16 பிட் குறியீடு, நிகழ்வுக்கு 11 பிட் குறியீடு என்று சுருக்கினார்கள். குறியீட்டு அட்டவணையின் பதிப்பு வண்டியில் பழையதாக இருந்தால் விபத்து வேறு இறக்கத்தில் காட்டப்படும். ஜப்பானின் விக்ஸ் என்ற வண்டிகளுக்கான சாலைத் தகவல் அமைப்பு 1996-இல் தொடங்கியபோது சாலையோரப் பீக்கன்களையும் பண்பலையையும் சேர்த்தே பயன்படுத்தியது. பீக்கன் அந்த இடத்தில் வேண்டியதை மட்டும் தரும், பண்பலை முழுப் பகுதிக்கும் பரப்பும். மையங்களுக்கு இடையே என்றால் ஐரோப்பாவில் டேட்டெக்ஸ் 2 என்ற தரவு வடிவமே பொது மொழி.

எந்த வடிவமாக இருந்தாலும் ஒவ்வொரு பதிவிலும் இரண்டு நேரங்கள் தனித்தனியாக இருக்க வேண்டும்: அளந்த நேரம், வெளியிட்ட நேரம். வெளியிட்ட நேரம் மட்டும் இருந்தால் பழைய எண் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிறந்ததுபோல் தெரியும். எல்லாப் பெட்டிகளின் கடிகாரங்களும் ஒரே நேர சர்வரோடு இணைந்திருக்க வேண்டும். நிகழ்வுப் பதிவுகளுக்குக் காலாவதி நேரம் கட்டாயம். விபத்தைத் திறக்க எல்லோரும் ஓடிவருவார்கள். வண்டியை அகற்றியபின் மூட யாருக்கும் நினைவிருக்காது. 30 நிமிடத்தில் தானாக மூடு, தொடர்ந்தால் பணியாளர் நீட்டிக்கட்டும் என்று வைத்தால், மாலையில் முடிந்த விபத்து மறுநாள் காலை வரை வரைபடத்தில் தொங்காது.

பலகையில் காட்டிய நேரத்தை, அதே நேரத்தில் கிளம்பிய டேக் வண்டிகள் உண்மையில் எடுத்துக்கொண்ட நேரத்தோடு வாரந்தோறும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாள் முழுக்கச் சராசரி எடுத்தால் பிழை சிறியதாகத் தெரியும், ஏனென்றால் பெரும்பாலான நேரம் சாலை சும்மா ஓடுகிறது. நெரிசல் தொடங்கும் அரைமணியையும் கலையும் அரைமணியையும் மட்டும் தனியே எடுங்கள். தொடங்கும்போது தொடர்ந்து குறைவாகவும் கலையும்போது தொடர்ந்து அதிகமாகவும் காட்டினால், எங்கோ ஒரு சராசரிச் சாளரம் தேவைக்கு மேல் நீளமாக இருக்கிறது. எது என்று தேட மென்மையாக்காத 30 விநாடித் தரவு கையில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடத் தொகுப்பை மட்டும் வைத்துக்கொண்டு மூலத்தை அழித்துவிட்டால் அந்தத் தேடலைத் தொடங்கவே முடியாது.